கறுக்காத வெள்ளி

மேசைமேல் விரித்திருந்த சிவப்புத் துணியில் அவர் அதை வைக்கவில்லை. என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களைத் தன் கையாலேயே ஒவ்வொன்றாக மடக்கி மூடினார். வெளியே ஆவணி மாதத்து மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் குடையில்லாமல் நனைந்து வந்திருந்தார். விரல்கள் ஈரத்தில் விறைத்துப் போயிருந்தன. என் கைக்குள் இருந்த பொருளோ வெதுவெதுப்பாக இருந்தது. மடியிலிருந்து எடுத்திருப்பார் என்று அப்போது நினைத்தேன். துணிப்பைக்குள் இருந்த தகர டப்பாவைத் திறந்து எடுத்தார் என்பது அவர் போன பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அது ஒரு வெள்ளித் தாயத்து. சுண்டுவிரலில் பாதி நீளம் இருக்கும். பிள்ளை பிறந்து தொப்புள்கொடி காய்ந்து விழுந்ததும் அதை இப்படி ஒரு குழலுக்குள் போட்டு அடைத்து, அரைஞாண் கயிற்றில் கோத்துப் பிள்ளையின் இடுப்பில் கட்டுவது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். இந்தக் குழலின் நடுவில் ஓர் ஒடுக்கு விழுந்திருந்தது. ஒடுக்கின் ஓரமாக மயிரிழை போல ஒரு வெடிப்பு. ஒரு பக்கத்து மூடி சற்றே ஆடியது.

கூடலூர் கடைவீதியில், பஸ் நிலையத்துக்கு இறங்கும் சரிவில் எங்களுக்கு ஒரு சிறு கடை இருந்தது. புது நகை செய்வதில்லை, விற்பதும் இல்லை. பழைய நகைகளைப் பழுது பார்ப்பது மட்டும்தான் தொழில். நெருப்பு வேலை என் வீட்டுக்காரருடையது. கழுவுவது, கோப்பது, ஆடும் கல்லை இறுக்குவது, நெருப்பில் காட்டக் கூடாததைக் கையாலேயே சரிசெய்வது ஆகியவை என்னுடையவை. எடை போட்டால் ஒன்றும் தேறாத பொருட்கள்தான் எங்களிடம் அதிகம் வரும். தேவர்சோலையிலிருந்து ஒருவர், செத்துப்போன தம்பியின் மோதிரத்தைத் தன் விரலுக்குப் பெரிதாக்கச் சொன்னார். ஆனால் தம்பியின் விரல் பட்டுத் தேய்ந்த உள்பக்கத்தைத் தொடக் கூடாது என்றார். ஜவுளிக்கடை பாய் வீட்டம்மா, தன் தாயார் மேல்காதில் போட்டிருந்த ஒற்றை அலுக்கத்தைக் கொண்டுவந்து, இன்னொன்று செய்து ஜோடி சேர்க்க வேண்டாம், இதை மட்டும் சரிசெய்தால் போதும் என்றார். இப்படிப்பட்டவர்களிடம் கேள்வி கேட்கக் கூடாது என்பதை நான் பழகியிருந்தேன். எதையும் வரிசையாகவும் சரியாகவும் செய்ய வேண்டும் என்கிற என் சுபாவத்துக்கு அந்த வேலை ஒத்துப்போனது.

தாயத்தைக் கொண்டுவந்தவரை நாங்கள் பிள்ளைக்காம்பரா அக்கா என்று சொல்வோம். சேரம்பாடிப் பக்கத்து அரசுத் தோட்டத்தில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்வது அவருடைய வேலை. அந்த இடத்துக்குப் பிள்ளைக்காம்பரா என்பது சிலோன் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த பெயர். அவரும் கணவரும் அப்படி வந்து, அங்கே லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில் குடியேறியவர்கள். இங்கே வந்த பிறகு பிறந்தவன் அந்தப் பையன், ஒரே பிள்ளை. தாயின் பிள்ளைக்காம்பராவிலேயே மற்றக் குழந்தைகளோடு வளர்ந்தான். ஆடி மாதத்தில் ஒரு பிற்பகல், குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தபோது அவர் பால் காய்ச்சப் பின்பக்கம் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது மூடுபனி வாசலைத் தாண்டி உள்ளே வந்து நின்றிருந்ததாம். மற்றப் பிள்ளைகள் எல்லோரும் அவரவர் பாயில் இருந்தார்கள். அவனுடைய பாய் மட்டும் காலியாக இருந்தது.

தோட்டமே தேடியது. தகரத்தைத் தட்டிக்கொண்டு சோலைக்குள்ளும் போய்ப் பார்த்தார்கள். ஆனை என்றார்கள், சிறுத்தை என்றார்கள், ஓடையில் வெள்ளம் என்றார்கள். ஒரு துணித்துண்டுகூடக் கிடைக்கவில்லை. மறுநாள் பனி விலகியபோது தேயிலைச் செடி ஒன்றின் தலையில் அரைஞாண் கயிறும் தாயத்தும் இருந்தன. தாயத்து ஒடுங்கியிருந்தது. கயிறு அறுபடவில்லை. முடிச்சு அவிழ்க்கப்பட்டிருந்தது. தான் போட்ட முடிச்சு, ஈரத்தில் இறுகிப்போனது, தனக்கே பல்லால் கடித்து அவிழ்க்க வேண்டியது என்று அக்கா சொன்னார்.

இதையெல்லாம் அவர் அழாமல், எங்கே எது வைத்திருக்கிறது என்று அடுத்த வீட்டுக்காரிக்குச் சொல்லிவிட்டு ஊருக்குப் போகிறவரைப் போலச் சொன்னார். பிறகு வேலையைச் சொன்னார்.

"தொறக்கக் கூடாது தங்கச்சி. உள்ள கெடக்கிறது என் புள்ளையோட கொடி. அதுல காத்துப் படாத வரைக்கும் அவனுக்கு ஒண்ணும் ஆகாது."

என் வீட்டுக்காரர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "தொறக்காம எப்பிடீங்க்கா பத்த வெக்கறது? உள்ள இருக்கற காத்து சூடேறுச்சுன்னா வெடிச்சுப் போயிருமுங்க. கொடியும் கருகிப் போயிரும்."

"அப்ப பத்த வைக்காதீங்க."

அவர் தாயத்தை என்னிடம் நீட்டினார். வேலை என்னிடம் வந்தது. வெடிப்பின்மேல் அரக்கை நிரப்பினேன். எங்கள் அரக்கில் நான் செங்கல் தூளும் குங்கிலியமும் சேர்ப்பேன். அந்தக் காவி நிறம் வேறு கடை அரக்கில் வராது. ஆடிய மூடியையும் அதே அரக்கால் அடைத்தேன். ஒடுக்கை நிமிர்த்த உள்ளிருந்து தள்ள வேண்டும், அது முடியாது. ஆகையால் அதை விட்டுவிட்டு, மெல்லிய வெள்ளிக் கம்பியைக் குழல் முழுவதும் நெருக்கமாகச் சுற்றினேன். கயிறு கோக்கும் வளையத்தையும் அதே கம்பியில் போட்டேன். கம்பியின் நுனியை இடப்பக்கமாக மடித்துச் சுற்றுக்கு அடியில் செருகினேன். என் கை அப்படித்தான் போகும். முடிந்ததும் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன். உள்ளே அரக்கு உதிர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக எந்தக் குழலையும் அப்படி ஆட்டிப் பார்ப்பது வழக்கம். சுள்ளி உரசுவது போல ஒரே ஒரு சத்தம் கேட்டது. கொடிதான்.

அடுத்த ஆவணியில் அக்கா திரும்ப வந்தார். கையில் கறுப்பு அரைஞாண் கயிறு ஒன்று, புதிதாக வாங்கியது. பழைய கயிற்றைக் கழற்றிவிட்டு இதில் கோத்து முடிச்சுப் போட்டுத் தரச் சொன்னார். பழையதைவிடச் சற்று நீளமாக இருந்தது. நான் பார்ப்பதைக் கவனித்து அவரே சொன்னார்.

"இடுப்புப் பெருத்திருக்கும்ல. போன வருசத்துக் கயிறு அறுக்கும்."

தாயத்தைக் கையில் வாங்கியதும் எனக்கு உறுத்தியது கயிறு இல்லை. வெள்ளியைப் பெட்டியில் வைத்தால் கறுக்கும். கூடலூர் மழைக்கு ஒரு பருவத்திலேயே கறுக்கும். உடம்பில் கிடந்தால்தான், தோலும் வியர்வையும் துணியும் உரசி உரசி, அது வெளுப்பாக இருக்கும். அந்தத் தாயத்து நேற்றுத் துலக்கியது போல மின்னியது. நான் போட்ட வளையம் பாதியாகத் தேய்ந்திருந்தது. அவர் கழுத்தில் கட்டியிருப்பாரோ என்று பார்த்தேன். மஞ்சள் கயிற்றைத் தவிர வேறு எதுவும் இல்லை. எங்கே வைத்திருந்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். டிரங்குப் பெட்டியில், அவன் சட்டையில் சுற்றி வைத்திருந்ததாகச் சொன்னார். சாவி தன் இடுப்பில் இருக்கிறது என்றும் சொன்னார். கழற்றிய கயிற்றை எடுத்து மடித்தேன். உப்புப் பூத்து விறைப்பாக இருந்தது. அதன் முறுக்கில் ஒட்டுப்புல்லின் விதைகள் குத்திக்கொண்டிருந்தன.

என் வீட்டுக்காரர் எதையும் சிரிப்பாக்கிவிடுகிறவர். "அந்தக்காவே கட்டிக்குவாங்க புள்ள. பெத்தவங்க மனசு. நீ என்னமோ ஆனையக் கண்டவளாட்ட முழிக்கறே" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. அந்தக் கயிறு ஒரு சிறு பிள்ளையின் இடுப்பைவிடப் பெரிதான எதையும் சுற்றாது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. வளையத்துக்குப் புதுக் கம்பி போட்டேன்.

ஒவ்வோர் ஆவணியிலும் அப்படியே நடந்தது. கயிறு கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. வளையம் ஒவ்வொரு முறையும் தேய்ந்து வந்தது. வெள்ளி கறுக்கவில்லை. அக்காவும் நானும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. தோட்டத்துப் பேச்சு பேசுவோம். லயத்துக் கூரை ஒழுகுவது, கணக்கப்பிள்ளையின் கெடுபிடி, எந்தக் குழந்தைக்குச் சொறி. போகும்போது மட்டும், மூடுபனி இறங்குவதற்குள் வீடு சேர வேண்டும் என்பார். பனி இறங்கினால் கதவைத் திறந்து வைக்க வேண்டுமாம்.

ஒரு வருடம் துலக்கி முடித்துக் காதருகே வைத்து ஆட்டினேன். இரண்டு சத்தம் கேட்டது. ஒன்று வழக்கமான சுள்ளிச் சத்தம். மற்றது சிறு கல் உருள்வது போல, கெட்டியாக. திரும்ப ஆட்டினேன். அக்கா எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் நிறுத்திவிட்டேன். அவர் போகும் முன் கம்பியின் நுனியைத் தடவிப் பார்த்தேன். இடப்பக்கமாக மடிந்து, சுற்றுக்கு அடியில், நான் செருகிய இடத்திலேயே இருந்தது. என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அரக்கு உதிர்ந்திருக்கும் என்றார். இருக்கலாம். ஆனால் அரக்கு உருளாது, தேய்த்துக்கொண்டு நகரும்.

அதற்கு அடுத்த வருடம், ஆவணி பிறக்கும் முன்பே, அக்காவின் கணவர் தனியாக வந்தார். தோட்டத்து பாக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்பவர், அதிகம் பேசாதவர். பட்டப்பகல்தான், ஆனால் மழை இருட்டு. கடைக்குள் வந்து, ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு, மடியிலிருந்து தாயத்தை எடுத்து மேசையில் வைத்தார். மனைவி குளிக்கும்போது சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்திருக்கிறார். திருப்பூரில் இருக்கும் மைத்துனன் இருவருக்கும் பனியன் கம்பெனியில் வேலை பார்த்து, குடியிருக்க ஓர் அறையும் பிடித்து வைத்திருப்பதாகச் சொன்னார். இங்கே மழை ஒத்துக்கொள்ளாமல் மனைவிக்கு இருமலில் ரத்தம் வர ஆரம்பித்துவிட்டது; இன்னொரு மழைக்காலம் இங்கே இருந்தால் பிழைக்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காவோ அசைய மறுக்கிறார். வீடு பூட்டிக் கிடந்தால் பிள்ளை வந்து யார் வீட்டுக் கதவைத் தட்டுவான் என்கிறார்.

"தொறந்து பாருங்க தங்கச்சி. பொடியாப் போயிருக்கும். அதை ஆத்துல கரைச்சிட்டு, மொட்டை போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போறேன். கரைச்சாச்சுன்னா அவளும் கெளம்பிருவா. இல்லாட்டி அவளையும் இங்கதான் பொதைக்கணும்."

திறப்பதில்லை என்று நான் அக்காவுக்குச் சொல்லியிருந்தேன். என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். பெற்ற தகப்பன் கேட்கிறான், அதற்குமேல் நாம் யார் என்றார். வேறு யார் கையும் அந்தக் கம்பியைத் தொட வேண்டாம் என்று நானே எடுத்தேன்.

நுனி செருகிய இடத்தில் இருந்தது. சுற்றுகளுக்கு இடையில் படிந்திருந்த மெழுகழுக்குக்கூட விலகவில்லை. கம்பியைப் பிரித்தேன். அடியில் என் காவி அரக்கு, ஒரு கீறல் இல்லாமல், மூடியைச் சுற்றி முழு வளையமாக இருந்தது. ஊசியைச் சூடாக்கி அதை இளக்கி, மூடியை எடுத்து, வெள்ளைக் காகிதத்தின் மேல் குழலைக் கவிழ்த்துத் தட்டினேன். முதலில் கொடி விழுந்தது. சுக்குத் துண்டு போலச் சுருங்கி, கறுத்து. அதன் பின்னால் இன்னொன்று உருண்டு வந்து காகிதத்தின் மடிப்பில் நின்றது.

ஒரு பால்பல். கீழ்வரிசை முன்பல். வேர் கரைந்து, அடியில் சிறு குழிவோடு, தானாக ஆடி விழுந்த பல் எப்படி இருக்குமோ அப்படி.

என் வீட்டுக்காரர் லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு பல்லைப் பார்த்தார். பிறகு அரக்கை, மூடியை, பிரித்த கம்பியை ஒவ்வொன்றாகப் பார்த்தார். லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டுத் தகரக் கூரையில் மழை விழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வெடிப்பின் வழியாக ஓர் எள்ளுகூட உள்ளே போயிருக்காது. அது அவருக்கும் தெரியும்.

அக்காவின் கணவர்தான் பேசினார், யாரிடமும் இல்லாமல். "காணாமப் போறப்ப அவனுக்கு நாலு வயசு. ஒரு பல்லும் வுழல. வுழுற வயசே இல்லையே."

ஆற்றில் கரைப்பதற்குக் கொண்டுபோக வந்தவர் அவர். அதற்காகப் பையில் மஞ்சள் துணிகூட வைத்திருந்தார். பிறகு என்னைப் பார்த்து, தெரியாத ஒரு முறையைப் பெண்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறவரைப் போலக் கேட்டார்.

"இதைக் கூரையிலதானே போடணும் தங்கச்சி? சாணியில வச்சு? போட்டாத்தானே அடுத்தது மொளைக்கும்?"

என் வீட்டுக்காரர் காகிதத்தை மெதுவாக என் பக்கம் நகர்த்தினார். "உள்ளயே வெச்சு மூடு புள்ள" என்றார். அவர் வாயிலிருந்து ஒரு வேடிக்கைப் பேச்சும் வராத பகல் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். கொடியையும் பல்லையும் உள்ளே போட்டு, அரக்கு வைத்து, அதே கம்பியை அதே சுற்றில் சுற்றினேன். அக்காவின் கணவர் அதை மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு சேரம்பாடி பஸ்ஸுக்குப் போனார். ஆற்றுப் பக்கம் திரும்பவில்லை. அந்த வருடம் அவர்கள் திருப்பூருக்கும் போகவில்லை.

அக்காவிடம் அவர் சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. அந்த ஆவணியில் அக்கா வழக்கம் போலக் கயிற்றோடு வந்தார், வழக்கம் போலப் பேசினார். அதற்குப் பிறகும் பல ஆவணிகள் வந்தார். மழைக்காலங்களில் அவருடைய இருமல் கடைக்கு வெளியிலேயே கேட்கும். ஒவ்வொரு முறையும் இதுதான் கடைசியாக இருக்கும் என்று நினைப்பேன். அவர் மெலிந்துகொண்டே போனார். கயிறு நீண்டுகொண்டே போனது. நான் தாயத்தை ஆட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். துலக்கவும் தேவைப்படவில்லை.

கடைசியாக வந்தபோது கணவரும் கூட வந்திருந்தார். மூட்டைகளோடு வெளியே, எதிர்க் கடையின் தாழ்வாரத்தில் நின்றார். அக்கா உள்ளே வந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பிறகு தாயத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, முதல் தடவை போலவே என் விரல்களை மடக்கினார். அது வெதுவெதுப்பாக இருந்தது.

"இனிமே இது வேணாமாம். மீசை அரும்புன பயலுக்குத் தாயத்து என்னத்துக்கு. நீங்களே வச்சிருங்க தங்கச்சி."

கயிறு மட்டும் அளந்து வெட்டித் தர வேண்டும் என்றார். வாங்கி வந்திருந்த கறுப்புக் கயிற்றில் எவ்வளவு வெட்டுவது என்று அவருக்கு இந்த முறை தெரியவில்லை. சுற்றிப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரை எழுந்து நிற்கச் சொன்னார்.

"என்ர இடுப்ப வெச்சு அளந்தீங்கன்னா கயிறு பத்தாதுங்க்கா. தொப்பை வேற கெடக்குது."

"தொப்பையத் தள்ளிட்டுத்தான் அளக்கணும்" என்று சொல்லி அக்கா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். என் வீட்டுக்காரர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றார். அக்கா கயிற்றைச் சுற்றி, இழுத்து, ஒரு பிடி குறைத்துக் கிள்ளி அடையாளம் வைத்தார். "இவ்வளவு இருப்பான்" என்று மெல்லச் சொன்னார். என் வீட்டுக்காரர் கைகளை இறக்க மறந்து நின்றது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது.

திருப்பூருக்குப் போகிறார்கள் என்று புரிந்தது. இத்தனை வருடம் எந்தக் கேள்வியும் கேட்காத நான் அன்று கேட்டேன். வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறீர்களே அக்கா என்றேன்.

"சின்னப் புள்ளைன்னுதான் பயந்துகிட்டு இருந்தேன். இப்ப வழி கேட்டு வரத் தெரியும்ல. எடத்தச் சொல்லி வச்சிருக்கேன்."

வாசல்வரை போய்த் திரும்பினார். "உள்ள கெடக்கிற ரெண்டையும் எடுத்துறாதீங்க" என்றார்.

அவர்களைப் பற்றி அதற்குப் பிறகு எந்தச் செய்தியும் இல்லை. நாங்களும் கடையை மூடிவிட்டு மகனோடு ஊட்டிக்கு வந்துவிட்டோம். இங்கே பெர்ன்ஹில் வீட்டில், என் மேசை இழுப்பறையில், பஞ்சில் வைத்து அந்தத் தாயத்து இருக்கிறது. பூந்திக்கொட்டைத் தூளும் பிரஷும் பக்கத்திலேயே இருக்கின்றன. நான் அதைத் துலக்குவதில்லை. ஒவ்வோர் ஆவணியிலும் எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பேன். அக்கா கொடுத்துவிட்டுப் போன வருடமே ஓரங்களில் மங்கத் தொடங்கியது. அடுத்த மழைக்குச் சாம்பல் நிறமானது. இப்போது அடுப்புக்கரியைப் போல இருக்கிறது. வளையம் நான் கடைசியாகப் போட்ட கனத்திலேயே இருக்கிறது.

போன வாரம் இதை எழுத உட்கார்ந்தபோது வெளியே எடுத்து வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் தேநீரோடு வந்தவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். அவருக்கு இப்போது பார்வை சரியில்லை. ஆனால் வெள்ளி கறுத்திருப்பது தெரியாத அளவுக்கு இல்லை. தேநீரைக் குடித்து முடித்தார். டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்.

"பையன் திருப்பூர்ல ஊடு கண்டுபுடிச்சுட்டானாட்ட இருக்குது."

நான் தாயத்தை உள்ளங்கையில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டேன். சில்லென்று இருந்தது.